உங்கள் செலவுக் குணத்தை சர்வே சரியாகச் சொல்கிறதா? ஒரே மாதத்தில் நீங்களே சரிபார்க்கலாம்

இந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அக்கா மகள் தண்டையார்பேட்டையில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள். எம்.பி.ஏ. படிக்கிறாள். வகுப்பில் எல்லாரையும் ஒரு நுகர்வோர் சர்வே எழுதச் சொன்னார்களாம். போனை என் கையில் கொடுத்தாள்.

"சித்தி, இதுல என்னை 'அனுபவம் தேடுறவ'ன்னு போட்டிருக்கு. புதுசு எது வந்தாலும் முதல் ஆளா வாங்குவேனாம், ஃபேஷனுக்குக் காசு போடுவேனாம், யோசிக்காம செலவு பண்ணுவேனாம். நான் அப்டியா சித்தி?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முகம் வாடியிருந்தது. அம்மா காசிமேட்டில் மீன் விற்றுப் படிக்க வைக்கிறபோது, யோசிக்காமல் செலவு செய்கிறவள் என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் உறுத்தும்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 14 வருஷம் நான் வீடு வீடாகப் போய் சர்வே எடுத்தவள். கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர் என்று வடசென்னையில் நான் ஏறாத மாடிப்படி குறைவு. எண்ணெய், சோப்பு, டிவி, பைக், இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றைப் பற்றியும் கேள்வி கேட்டிருக்கிறேன். முதலில் பேப்பர் ஃபார்ம், கடைசி வருஷங்களில் டேப். ஸ்டார்ட்டிங் பாயிண்ட் கொடுப்பார்கள், அங்கிருந்து வலது கை பக்கமாகவே போக வேண்டும், கோட்டா, அதாவது எடுக்கச் சொன்ன எண்ணிக்கை, முடியும் வரை வீடு திரும்ப முடியாது.

அன்று அவளுக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லவில்லை. ஒரு மாதம் நான் சொல்கிற மாதிரி செய், நீயே கண்டுபிடித்துவிடுவாய் என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு 80 பக்க நோட்டு, ஒரு பேனா, போனில் இருக்கிற யு.பி.ஐ. கணக்கு, வீட்டில் உங்களை நன்றாகத் தெரிந்த ஒரு ஆள். இவ்வளவு போதும்.

யாரை நினைத்து எழுதிய கேள்விகள் என்று முதலில் பாருங்கள்

அவள் எழுதியது வால்ஸ் என்கிற சர்வே. மார்க்கெட்டிங் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். 1978ல் கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் நிறுவனத்தில் ஆர்னால்ட் மிட்செல் என்பவர் உருவாக்கினார். மக்கள் எதை உயர்வாக நினைக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு அமெரிக்கர்களை ஒன்பது வகையாகப் பிரித்தார். 1989ல் அதையே கலைத்துப் போட்டு மறுபடி செய்தார்கள். ஒருவர் என்ன வாங்குவார் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் அப்போது குறியாக இருந்தது. அதற்காக மனப்போக்கையும் கையில் இருக்கிற வசதியையும் வைத்து எட்டு வகையாக்கினார்கள். எதை உயர்வாக நினைக்கிறீர்கள் என்ற பழைய அடிப்படையை அவர்களே மாற்றிவிட்டார்கள். நம் பிள்ளைகளோ இன்றும் ரிசல்ட்டைப் பார்த்து 'என் விழுமியம் இதுதான்' என்று வாசிக்கிறார்கள்.

கடைசியில் வயது, படிப்பு, வருமானம் எல்லாம் கேட்பார்கள். எட்டு வகையில் மேலே யார், கீழே யார் என்று முடிவாவதில் இந்தப் பதில்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் சொன்ன வருமானத்தில் ஒரு பகுதியை உங்களுக்கே ஒரு பெயர் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். எந்தக் குண சர்வே எழுதினாலும் வருமானக் கேள்வி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ரிசல்ட்டில் எது உங்கள் குணம், எது உங்கள் சம்பளம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை உங்களுடையது.

இன்னொன்று. அந்த சர்வே அமெரிக்க, கனடா மக்களுக்கானது. அந்த ஊர் ஆங்கிலமும் வாழ்க்கையும் பழகியவர்களுக்குத்தான் ரிசல்ட் சரியாக வரும் என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரே கேள்வியில் காட்டுகிறேன். 'கையால் பொருட்களைச் செய்வது எனக்குப் பிடிக்கும்' என்கிற மாதிரி ஒன்று வரும். அமெரிக்காவில் அதற்கு ஆமாம் என்று சொல்கிறவர் லீவு நாளில் ஷெட்டில் மேஜை நாற்காலி செய்கிறவராக இருக்கலாம். காசிமேட்டில் வலை பின்னுகிற என் அக்கா மாமனாரிடம் இதைக் கேட்டால்? ஆமாம் என்றுதான் சொல்வார். 50 வருஷமாக அவர் செய்கிற வேலை அது. பிடிக்குமா பிடிக்காதா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

அதனால் முதல் வேலை இது. கேள்விகளை நோட்டில் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, 'எங்கள் தெருவில் இதற்கு என்ன அர்த்தம்?' என்று ஒரு வரி எழுதுங்கள். அர்த்தம் மாறிப்போகிற கேள்விகளை அடித்துவிடுங்கள். அக்கா மகள் ஏழு கேள்விகளை அடித்தாள்.

பெயரை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்

ரிசல்ட்டைப் படித்ததும் 'அட, நம்மை அப்படியே சொல்லியிருக்கே' என்று தோன்றும். அந்த நிமிஷத்தை நம்பாதீர்கள். 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்கிற உளவியல் ஆசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு குணப் பரிசோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் அவருக்கென்றே எழுதியதாகச் சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. 39 பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே குறிப்பு. வரிகளில் பெரும்பாலானவற்றைக் கடையில் விற்கிற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

இதை வீட்டில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சர்வேயில் இருக்கிற எல்லா வகைகளின் விளக்கத்தையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். வகையின் பெயர் வேண்டாம், 1 முதல் 8 வரை எண் மட்டும். உங்களோடு சாப்பிட்டு, உங்களோடு சண்டை போட்டு வாழ்கிற ஒருவரிடம் கொடுத்து, 'இதுல நான் எது?' என்று கேளுங்கள். ரிசல்ட் வந்த தாளையே அவர் எடுத்தால் கொஞ்சம் மதிக்கலாம். மூன்று தாளை எடுத்து 'இது எல்லாமே நீதான்' என்றால், அந்த விளக்கங்கள் யாருக்கும் பொருந்துகிற சட்டை. அக்கா மகள் தம்பியிடம் கொடுத்தாள். அவன் இரண்டு தாளை எடுத்தான். ஒன்று அவளுக்கு வந்த வகை. இன்னொன்று அதற்கு நேர் எதிரானது, கடமைக்கும் நம்பிக்கைக்கும் கட்டுப்பட்டு நடக்கிறவர்கள் என்கிற வகை.

பக்கத்தில் யார் இருந்தார்கள்?

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டை என்னால் மறக்க முடியாது. ரயில்வே லைனை ஒட்டிய சந்து. வாசலில் தண்ணீர்க் குடம் வரிசையாக இருந்தது. அந்த அம்மாவுக்கு 40 வயது இருக்கும். கணவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பதில்கள் அச்சடித்த ஷோ கார்டைக் காட்டி, 'குடும்பத்தில் பணத்தைப் பற்றி முடிவெடுப்பது யார்?' என்று கேட்டேன். கதவுப் பக்கம் ஒரு பார்வை. "அவருதாம்மா." 'நீங்கள் தனியாகச் சேமிப்பது உண்டா?' "இல்லம்மா, எல்லாம் அவரு கையிலதான்."

ஃபார்மை முடித்து வெளியே வந்தேன். தெருமுனை வரை கூடவே வந்தார். குழாயடி தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, நான் ரெண்டு சீட்டு கட்றேன். ஒண்ணு பொண்ணு கல்யாணத்துக்கு, ஒண்ணு எனக்கு எதுனா ஆச்சுன்னா. அவருக்குத் தெரியாது. நீ எழுதிராத."

நான் எழுதவில்லை. முடிவெடுப்பவர் கணவர், தனிச் சேமிப்பு இல்லை என்றே அந்த ஃபார்ம் போனது. நான் அப்போது வேலை செய்த கம்பெனியில் முடித்த ஃபார்முக்கு இவ்வளவு என்று கூலி. நான் எடுத்தது சரியா என்று பார்க்க சூப்பர்வைசர் பேக்-செக் போனபோதும் அதே கதவில் அதே கணவர் நின்றிருப்பார், அதே பதில்தான் வந்திருக்கும். அந்த நகரத்துப் பெண்களின் சேமிப்புப் பழக்கம் என்று எங்கேயோ ஒரு மீட்டிங்கில் காட்டிய படத்தில் அந்த இரண்டு சீட்டும் இல்லை. அந்த அம்மா பொய் சொல்கிறவர் இல்லை. யார் காதில் விழும் என்று தெரிந்து பதில் சொன்னார், அவ்வளவுதான். அதைச் சரிசெய்கிற இடம் ஃபார்மில் இல்லையே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

சொல்வதும் செய்வதும் பிரிவது பழைய விஷயம். 1934ல் லாபியர் என்கிற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கப் பயணம் போயிருந்தார். 251 ஹோட்டல்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் ஒரே ஒரு இடத்தில்தான் இடம் இல்லை என்றார்கள். பிறகு அந்த இடங்களுக்கே கடிதம் எழுதி, சீனர்களை உள்ளே விடுவீர்களா என்று கேட்டார். 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் 'விடமாட்டோம்'. காகிதத்தில் வேண்டாம் என்றவர்கள் ஆள் நேரில் நின்றபோது சோறு போட்டிருக்கிறார்கள். மனிதர்கள் எழுதுவதைவிட நடப்பதில் மோசம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் சர்வேயை இரண்டு முறை எழுதுங்கள். ஒன்று தனியாக, யாருக்கும் காட்டப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு. இன்னொன்று, உங்களைப் பற்றி உங்கள் வீட்டு ஆள் எழுத வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லவே இல்லை'யிலிருந்து 'ஆமாம்' வரை நான்கு விடை இருக்கும். உங்கள் விடையும் அவர் விடையும் இரண்டு படி தள்ளி நிற்கிற கேள்விகளைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் ஒரு மாதக் கணக்கில் நீங்கள் தேட வேண்டியவை.

கணக்கு: 7 நாள், 30 நாள், 365 நாள்

இதுதான் பெரிய வேலை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு இருக்கிறதே, 2022-23ல் எடுத்தது, அதில் ஒரு நல்ல முறை உண்டு. மீன், கறி, முட்டை, காய்கறி, எண்ணெய் மாதிரியானவற்றைக் கடைசி 7 நாளுக்குக் கேட்பார்கள். அரிசி, பருப்பு, எரிபொருள் மாதிரியானவற்றை 30 நாளுக்கு. துணி, செருப்பு, படிப்பு, ஆஸ்பத்திரி, வீட்டுச் சாமான் எல்லாம் 365 நாளுக்கு. முன்பு ஒரே மூச்சில் கேட்டதை, 2022-23ல் மூன்று பாகமாக்கி மூன்று மாதத்தில் மூன்று தடவை போய்க் கேட்டார்கள். ஒரே உட்காரலில் நூற்றுக்கணக்கான பொருளைக் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 40 நிமிஷம் தாண்டினால் அடுப்பில் இருக்கிற குழம்பு பொங்கும், குழந்தை அழும், 'எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுக்கம்மா' என்பார்கள்.

வீட்டில் இதையே செய்யுங்கள். நோட்டின் முதல் பாகத்தில் தினச் செலவு, அதை அன்றன்று ராத்திரி எழுதிவிட வேண்டும். நேற்று குடித்த டீயை நாளைக்கு யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. யு.பி.ஐ.யில் போனது போனிலேயே இருக்கும், விட்டுப்போவதெல்லாம் கைக்காசுதான்: ஷேர் ஆட்டோ, பூ, டீ, பஜ்ஜி, கடன் கொடுத்த தண்டல்காரருக்குத் தினம் கொடுக்கிற ரூபாய். இரண்டாம் பாகத்தில் மாதச் செலவு. மூன்றாம் பாகத்தில் போன தீபாவளியிலிருந்து நினைத்துப் பார்த்து வருஷச் செலவு: எம்.சி. ரோட்டில் எடுத்த துணி, ஸ்கூல் ஃபீஸ், காது குத்து, கல்யாண மொய், ஆஸ்பத்திரி. சர்வேயில் 'துணிக்கு அதிகம் செலவு செய்வீர்களா' என்று கேட்டால், போன வாரம் வாங்கியதுதான் கண்ணுக்கு முன்னால் வரும். வருஷத்தைப் பார்த்தால் அந்த ஒரு தடவைதான் வாங்கியிருப்போம்.

அக்கா மகளின் 30 நாள் இப்படி இருந்தது. சாயங்காலம் ட்யூஷன் எடுத்து மாதம் 9,000 ரூபாய் சம்பாதிக்கிறாள். அம்மா கட்டுகிற ஏலச் சீட்டுக்கு அவள் பங்கு 3,000. மெட்ரோவும் ஷேர் ஆட்டோவும் 1,450. போன் ரீசார்ஜ் 349. தம்பிக்கு ஃபுட்பால் ஷூ 1,200. தோழியின் அக்கா கல்யாணத்துக்கு மொய் 501. டீ, காபி, தீனி 640. பீச் ஸ்டேஷன் பக்கம் இரண்டு தடவை அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டது 160. ஒரு குர்தா 899. கூட்டினால் 8,199. மிச்சம் 801.

இனி ஒவ்வொரு வரிக்கும் இரண்டு குறிப்பு போடுங்கள். யாருக்காக? யார் முடிவு? முடிவு என்பதில் மூன்று வகை வைத்துக்கொள்ளுங்கள்: கட்டாயம், கடமை, விருப்பம். வாடகை, பஸ், தண்டல், கட்டிக்கொண்டிருக்கிற சீட்டு எல்லாம் கட்டாயம். மொய், செய்முறை கடமை. யாரும் கேட்காமல், கொடுக்காவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தும் கொடுத்தது விருப்பம்.

அவள் தம்பி ஷூவைக் கடமையில் போட்டிருந்தாள்.

"அவன் கேட்டானா?" என்றேன்.

"இல்ல சித்தி. கிழிஞ்ச ஷூவுல நூல் சுத்தி ஆடிட்டிருந்தான். பாத்தேன்."

"அம்மா வாங்கிக் குடுன்னு சொன்னாங்களா?"

"அம்மாவுக்கே தெரியாது."

அப்படியென்றால் அது விருப்பம் என்று மாற்றச் சொன்னேன். இப்போது அவள் விருப்பச் செலவு 2,899 ரூபாய். அதில் பெரிய தொகை அந்த ஷூதான். சர்வேயில் இருக்கிற வரிகளோ பெரும்பாலும் 'நான்', 'எனக்கு' என்று தொடங்குகிறவை. தம்பிக்கு ஷூ வாங்குவது அதில் எந்த வரியில் ஏறும்? நம் வீடுகளில் எத்தனையோ செலவு இப்படி இன்னொருவர் காலில் மாட்டியிருக்கிறது. இந்த ஒரு இடத்தில்தான் குண சர்வேக்கள் நம்மைப் பெரிதாகத் தவற விடுகின்றன என்பது என் எண்ணம்.

சர்வேயோடு ஒப்பிடும்போது கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். வாடகை உயர்ந்தது உங்கள் குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடமையையும் விருப்பத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

வாங்காமல் விட்டதையும் எழுதுங்கள்

இதை எந்த ஃபார்மிலும் நான் பார்த்ததில்லை. 14 வருஷத்தில் எத்தனையோ தடவை, வாங்கியதைக் கேட்டு முடித்தபிறகு பெண்கள் தாங்களாகவே சொன்னது இதைத்தான்: வாங்க நினைத்து விட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பொருள், விலை, எதற்காக விட்டேன், மூன்றே விவரம்.

அக்கா மகள் பக்கத்தில் நான்கு வரி இருந்தது. முதல் வரி: வகுப்பில் கூர்க் டூர், 4,500 ரூபாய், சீட்டுக்காக விட்டது. அதைப் பார்த்ததும்தான் எனக்கே ஒன்று புரிந்தது. சர்வேயில் அவள் பொய் எழுதவில்லை. புது இடம் பார்க்கவும், புதிதாக எதையாவது செய்து பார்க்கவும் அவளுக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறது. சர்வே அந்த ஆசையைச் சரியாகவே பிடித்தது. ஆசை இருப்பதால் காசும் அங்கே போகும் என்று சேர்த்துச் சொன்னதில்தான் தப்பு. கூர்க் வேண்டும் என்று நினைத்தவளும் அவள், 3,000 ரூபாயைச் சீட்டுக்கு எடுத்து வைத்தவளும் அவள். இரண்டும் ஒரே பெண்.

தன் மகள் டூருக்கு ஆசைப்பட்டாள் என்பதே அக்காவுக்கு இந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும். அன்றைக்கு அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை.

பேங்க் கணக்கைப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்

குணத்துக்கும் செலவுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 625 பேரின் 76,000க்கும் மேற்பட்ட பேங்க் பரிவர்த்தனைகளை அவர்கள் எழுதிய குண சர்வேயோடு சேர்த்துப் பார்த்து 2016ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் குணத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி செலவு செய்தவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். 2019ல் இன்னும் பெரிதாக, 2,000க்கும் மேற்பட்டவர்களின் 20 லட்சத்துக்கும் அதிகமான செலவுப் பதிவுகளை வைத்துச் செய்தார்கள். செலவைப் பார்த்துக் குணத்தைக் கொஞ்சம் ஊகிக்க முடிந்தது, கொஞ்சம் மட்டும். கலகலப்பானவர்கள் வெளியே சாப்பிட அதிகம் செலவழித்தார்கள். கட்டுப்பாடு உள்ளவர்கள் பேங்க் அபராதக் கட்டணம் குறைவாகக் கட்டினார்கள். பொருளாசை உள்ளவர்கள் நகைக்கு அதிகமும் தர்மத்துக்குக் குறைவாகவும் கொடுத்தார்கள்.

அந்த நகை வரியை வடசென்னைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நகைச் சீட்டு கட்டி வருஷக் கடைசியில் அரைப் பவுன் எடுக்கிற பெண்ணை நான் பொருளாசைக்காரி என்று எழுத மாட்டேன். ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது அந்த அரைப் பவுன் அடகுக் கடைக்குப் போகும், தை மாதம் மீண்டு வரும், மறுபடி போகும். பேங்க் லாக்கரும் எஃப்.டி.யும் செய்கிற வேலையைக் கழுத்தில் கிடந்து செய்கிறது. உங்கள் கணக்கில் தங்கம் வந்தால், எத்தனை தடவை அடகு போயிற்று என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு தடவை போயிருந்தாலும் அதைச் சேமிப்பில் சேருங்கள்.

வீட்டுச் சாமானை எண்ணி ஆளை எடைபோடுகிற முறையிலும் இதே கோளாறு. இந்தியாவில் மார்க்கெட் ரிசர்ச் கம்பெனிகள் 2011ல் கொண்டுவந்த வகுப்புமுறை ஒன்று உண்டு. குடும்பத்துக்கு அதிகம் சம்பாதிக்கிறவரின் படிப்பு, வீட்டில் 11 சாமான்களில் எத்தனை இருக்கின்றன, இந்த இரண்டையும் வைத்து ஏ1 முதல் இ3 வரை 12 படியில் ஒரு படி கொடுப்போம். கரண்ட், ஃபேன், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கார் என்று பட்டியல் போகும், விவசாய நிலம்கூட உண்டு. ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்றுதான் கேட்போம். தவணை முடிந்ததா, மருமகள் கொண்டுவந்ததா, 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி இப்போது துணி அடுக்கி வைக்கிற அலமாரியாக நிற்கிறதா என்று கேட்க மாட்டோம். வியாசர்பாடியில் ஒரு வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்து 'உண்டு' என்று நானே டிக் அடித்திருக்கிறேன். கூட்டமாகப் பார்த்து, எந்தப் பேட்டையில் எந்த சைஸ் ஷாம்பு விற்கும் என்று கணிக்க இது உதவும். ஒரு வீட்டை எடுத்து இவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல உதவாது.

இரண்டாம் முறை, வேறு மாதத்தில்

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்கள் அக்கா மாதிரி ஏலம் எடுத்து விற்கிறவர்களுக்கு வியாபாரம் படுத்துவிடும், ஃபைபர் படகு கொண்டுவருகிற கொஞ்சம் மீனுக்கு ஆளாளுக்குப் போட்டி. அக்கா மகளை மே மாதம் அதே சர்வேயை மறுபடி எழுதச் சொன்னேன். பழைய பதிலைப் பார்க்கக் கூடாது என்றேன். புதுமையைப் பற்றிய கேள்விகளில் இரண்டுக்கு அவள் ஒரு படி இறங்கியிருந்தாள். ரிசல்ட்டில் முதல் வகை, அதற்கு அடுத்த வகை என்று இரண்டு காட்டும். முதல் வகை மாறவில்லை, இரண்டாவதாகக் காட்டுகிற வகை மாறிவிட்டது. இரண்டு மாதத்தில் பெண்ணின் குணம் மாறவில்லை. வீட்டில் வருகிற காசு மாறியிருந்தது.

உங்கள் வீட்டில் காசு இறுகுகிற மாதம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். ஸ்கூல் திறக்கிற ஜூனோ, கல்யாணம் குவிகிற மாதமோ, போனஸ் தீர்ந்துபோன கார்த்திகையோ. ஒரு தடவை தாராளமான மாதத்திலும் ஒரு தடவை இறுக்கமான மாதத்திலும் எழுதுங்கள். இரண்டிலும் அசையாமல் நிற்கிற பதில்களை மட்டும் உங்கள் குணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சோதித்துப் பார்க்க எழுதுகிற சர்வேயில் போன் நம்பர், பிறந்த தேதி, ஆதார், பேங்க் விவரம் எதையும் தராதீர்கள். ரிசல்ட் காட்ட இவை எதுவும் தேவையில்லை. கேட்டால் மூடிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் இடது பக்கம் சர்வே சொன்னது, வலது பக்கம் கணக்கு சொன்னது என்று எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் கோடு போடுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் காரணம் எழுதுங்கள்: காசு இல்லை, கடமை இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது, கேள்வி புரியவில்லை. அக்கா மகளுக்கு நான்கு இடத்தில் கோடு, ஒன்பது இடத்தில் காரணம். அந்தத் தாளை அப்படியே வகுப்பில் கொண்டுபோய்க் காட்டினாள்.

எனக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை. போன வாரம் அக்காவிடம் போய் அதே கேள்விகளைத் தமிழில் கேட்டேன். அவள் வருமானத்தையும் எட்டாவது வரை படித்ததையும் போட்டால் எட்டு வகையில் கடைசி வகைக்குத்தான் போவாள். அந்த வகை ஆட்கள் ஆபத்து எதற்கும் துணியாதவர்கள், பழகியதை விட்டு நகராதவர்கள் என்று எழுதியிருக்கிறது. தினம் விடியுமுன்னே துறைமுகத்தில் நின்று, என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமலே 8,000 ரூபாய்க்குக் கடனில் மீன் ஏலம் எடுக்கிறவள் அவள். நோட்டில் அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். புதிதாக எதையாவது செய்து பார்க்க ஆசை உண்டா என்று கேட்டேன். காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"தடைக்காலம் முடியட்டும்டி. அப்பால வந்து கேளு, சொல்றேன்."

அந்தக் கேள்விக்கு நேராகக் காலியாக விட்டிருக்கிறேன். ஜூன் 15க்குப் பிறகு ஒரு நாள் விடியற்காலை நோட்டை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போக வேண்டும்.